வெளியேறும் நேரம்: இருபது நிமிஷம்

"பிலவங்க வருஷம் ஆவணி மாதம் 11ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. முதல் வேளை. உள்ளே இறங்கியவர்கள் நான்கு பேர். இறங்கிய நேரம் காலை எட்டேகால். மேலே ஏறத் தொடங்கிய நேரம் பதினொன்றேகால். இடை அறையில் இருந்த நேரம் இருபது நிமிஷம்."

இது கம்பெனியின் நேரப் புத்தகத்தில் இருக்கும் ஒரு வரி. இங்கிலீஷில் இருந்ததைத் தமிழாக்கி, தேதியை நம் கணக்குக்கு மாற்றித் தந்திருக்கிறேன். இதன் நகலைக் கம்பெனி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தது. என் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையோடு சேர்த்து அதைக் குத்தி வைத்திருந்தார்கள். இறங்கிய நான்கு பேரில் நான் ஒருவன். வரியின் கடைசி எண் பொய் என்பது எனக்குத் தெரியும். இருபது நிமிஷம் நாங்கள் அந்த அறையில் இல்லை. எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் போயிருந்தது. அப்படி இருந்தும், அந்தப் பொய்யை எழுதியது யார் என்ற கேள்விதான் முதல் இரண்டு நாளும் என்னை அரித்தது.

நான் அப்போது சிங்கப்பூர்த் துறைமுகத்தின் மேற்குப் பக்கம் கற்சுவர் எழுப்பிய ஒரு கம்பெனியில் டைம் கிராணி. யார் எத்தனை மணிக்கு இறங்கினார், எத்தனை மணிக்கு ஏறினார் என்று குறிப்பது என் வேலை. சுவருக்கு அஸ்திவாரம் கடலுக்கு அடியில் போட வேண்டும். அதற்காக ஒரு வீட்டளவு பெரிய, அடிப்பாகம் இல்லாத இரும்புப் பெட்டியைக் கடலுக்குள் இறக்கியிருந்தார்கள். ஆட்கள் அதற்குள் போய்ச் சேற்றைத் தோண்டுவார்கள். ஒரு காலி டம்ளரைக் கவிழ்த்தபடி வாளித் தண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே இருக்கும் காற்று தண்ணீரை ஏறவிடாது. பெட்டியின் தத்துவமும் அதுதான். ஆனால் ஆழம் போகப் போகத் தண்ணீர் அதிகமாக நெருக்கும். அதைத் தள்ளிவைக்க, மேலே ஒரு இயந்திரம் ஓயாமல் காற்றை உள்ளே இறுக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

காற்றுக்கும் எடை உண்டு என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். நம் தலைக்கு மேல் பல மைல் உயரத்துக்குக் காற்று அடுக்கடுக்காக நிற்கிறது. அந்த அடுக்கு ஒவ்வொரு சதுர அங்குலத்தின் மேலும் ஏறக்குறைய பதினைந்து ராத்தல் கனத்தோடு அழுத்துகிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவாக அழுத்துவதாலும், நம் உடம்புக்குள்ளிருந்தும் அதே அளவு எதிர்த்து நிற்பதாலும் நமக்கு அது தெரிவதில்லை. கடலில் முப்பத்து மூன்றடி இறங்கினால் இன்னொரு காற்று மண்டலத்தின் கனம் கூடிவிடும். எங்கள் பெட்டி நின்றது எண்பதடி ஆழத்தில். அதற்குள் இருப்பவன் கரையில் நிற்பவனைப்போல மூன்றரை மடங்கு அழுத்தத்தில் மூச்சு விடுகிறான்.

உள்ளே போகும்போது காது அடைக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சில் விழுங்க வேண்டும். குரல் மூக்கு வழியாக வரும். மெழுகுவத்தி வேகமாக எரிந்து புகை கக்கும். சீட்டியடிக்க உதட்டைக் குவித்தால் சத்தம் வராது.

இவை எல்லாம் வேடிக்கை. ஆபத்து வெளியே வரும்போதுதான். அழுத்தத்தில் இருக்கும் உடம்பு, மூச்சில் இழுத்த காற்றை இரத்தத்திலும் கொழுப்பிலும் கரைத்து வைத்துக்கொள்கிறது. அழுத்தத்தை மெதுவாகக் குறைத்தால் அது வந்த வழியே மூச்சில் போய்விடும். சட்டென்று குறைத்தால் சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி நரம்புக்குள்ளும் மூட்டுக்குள்ளும் குமிழி கட்டும். அதனால்தான் பெட்டிக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இரண்டு கதவு போட்ட ஓர் இடை அறை உண்டு. ஆட்களை அதில் அடைத்து, கதவுக்காரர் வெளியிலிருந்து ஒரு திருகைத் திறந்து காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். கம்பெனியின் விதி இருபது நிமிஷம். அதுவே மிகக் குறைவு என்று பின்னால் டாக்டர் சொன்னார்.

நான் எப்போதும் வெளியில் இருப்பவன். அன்று இறங்கியதற்குக் காரணம், இரண்டு ஆளை இறக்கிவிட்டு, கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் மூன்று ஆள் என்று சொல்கிறாரோ என்று எஞ்சினீயர் துரைக்கு ஒரு சந்தேகம். எனக்கும் அது இருந்தது. போய்த் தலையை எண்ணிவிட்டு வா என்றார். போனேன். மூன்று சீனத் தோண்டுகாரர்கள் சரியாக இருந்தார்கள். என்னோடு நால்வர். வேளை முடிகிறவரை இடை அறையின் கதவைத் திறக்க மாட்டார்கள் என்பதால் மூன்று மணி நேரமும் உள்ளேயே இருந்தேன்.

வெளியே வந்து முக்கால் மணி நேரம் கழித்துச் சாப்பாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது இடுப்பைச் சுற்றிக் கச்சை கட்டி இறுக்கியதுபோல ஒரு வலி. தோள் மூட்டில் இன்னொன்று. எழுந்தேன். எழுந்ததாக நினைத்தேன். கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் என்னைக் கிடத்திய வார்டு முழுவதும் பெரிபெரி. அந்த வியாதிக்குக் காரணம் தீட்டிய அரிசியா, மண்ணா, கெட்ட காற்றா என்று டாக்டர்களே அடித்துக்கொண்ட காலம். கால் விழுந்த மனிதன் வந்தால் முதலில் அதைத்தான் நினைப்பார்கள். டாக்டர் துரை என் காலைத் தட்டினார், முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் அடித்தார், கம்பெனி அனுப்பிய நகலை இரண்டு முறை படித்தார். பிறகு டிரெஸ்ஸரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

டிரெஸ்ஸர் பொன்னம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கொடுப்பது, கட்டுப் போடுவது, டாக்டரின் இங்கிலீஷை எங்களுக்குத் தமிழாக்குவது எல்லாம் அவர்தான்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"பெரிபெரியாம். தவிட்டுக் கஞ்சி தரச் சொல்லுறார்."

"நான் காலையில நடந்து வேலைக்குப் போனவன். ஒரே நாள்ல பெரிபெரி வருமா?"

"உந்தக் கேள்வி எனக்கும் இருக்குக் காணும். பெட்டிக்குள்ளை இறங்கிறவைக்கு வாற காத்து வியாதியாய் இருக்குமோ எண்டு அவரும் யோசிச்சவர். ஆனா இருபது நிமிஷம் இருந்து மெல்ல ஆறுதலாய் வந்தவருக்கு அது வராதெண்டு சொல்லுறார். கம்பெனிப் புத்தகம் அப்படித்தானே சொல்லுது."

"புத்தகம் பொய் சொல்லுது."

அவர் அட்டையோடு இருந்த நகலைத் தொட்டுக் காட்டினார். "உம்முடைய புத்தகந்தானே அது?"

புத்தகம் என்னுடையது. அன்றைய வரி என்னுடையது அல்ல. நான் பெட்டிக்குள் இருந்தேன். வெளியே வந்து, புத்தகத்தைத் தொடும் முன்பே விழுந்தேன். எனக்குப் பதிலாக யாரோ எழுதியிருக்கிறார்கள். எழுதியவருக்கு இருபது என்று எழுதக் காரணம் இருந்திருக்கிறது. முதலில் எஞ்சினீயர் துரையைச் சந்தேகித்தேன். பிறகு மண்டோரை, அவருடைய ஆட்களின் தலையை எண்ணப் போனவன் நான் என்பதால். அதற்கும் மேலாகக் கதவுக்காரர் மீரானை. திருகைத் திறந்த கை அவருடையது. டாக்டருக்கும் கம்பெனிக்கும் ஏதாவது ஏற்பாடு இருக்குமோ என்றும் நினைத்தேன். கஞ்சியைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடித்தேன்.

அடுத்த கட்டிலில் பால்காரர் சின்னையா இருந்தார். தேக்கா பக்கம் மாடு வைத்திருந்தவர். அவருக்கு உண்மையான பெரிபெரி. மூன்று மாதமாகக் கால் மரத்து, வீங்கி, பிறகு விழுந்தது. தன் காலில் விரலை அழுத்திக் காட்டினார். சப்பாத்தி மாவில் அழுத்தியதுபோலக் குழி நின்றது. பிறகு எட்டி என் காலில் அழுத்தினார்.

"குழி வுழலியே கிராணியாரே. நீங்க நம்ம கூட்டம் இல்ல. எடம் மாறிப் படுத்திருக்கீங்க."

"டாக்டர்கிட்ட சொல்லுங்களேன்."

"மாட்டுக்காரன் சொன்னா டாக்டர் கேப்பாரா? மாடு சொன்னாலும் கேப்பாரு."

சிறுநீர் தானாக இறங்கவில்லை. முதுகுத்தண்டு நரம்பு அடிபட்டால் மூத்திரப்பைக்குச் செய்தி போகாது. ஒரு ரப்பர் குழாயை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். டிரெஸ்ஸர் அதைச் செய்யும்போது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை. அப்போது அதையும் வேறு விதமாகத்தான் எடுத்துக்கொண்டேன்: என் கண்ணைப் பார்க்க முடியாமல் திரும்புகிறார் என்று.

என் மனைவி மரகதம் காலையிலும் மாலையிலும் சிராங்கூன் ரோட்டிலிருந்து ரிக்‌ஷாவில் வருவாள். வந்ததும் கொண்டையிலிருந்து ஊசியை உருவி என் கட்டை விரலிலிருந்து மேலே குத்திக்கொண்டே வருவாள். "இங்க?" "இல்ல." "இங்க?" "இல்ல." தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே வரும்போது "ஆ" என்பேன். அந்த இடத்தில் மையால் ஒரு கோடு போடுவாள். செவ்வாய் மாலை போட்ட கோடும் புதன் மாலை போட்ட கோடும் ஒன்றாகவே இருந்தன.

இன்னொரு வேலையும் அவளுக்குக் கொடுத்திருந்தேன். வீட்டில் ஏலத்தில் வாங்கிய ஒரு காற்றழுத்தமானி உண்டு. பித்தளை வட்டத்துக்குள் ஒரு முள். இந்த ஊரில் அந்த முள் ஒரு ஒழுங்கோடு நகரும். காலை பத்து மணிவாக்கில் கொஞ்சம் ஏறும், மாலை நான்கு மணிவாக்கில் இறங்கும், மறுபடி ஏறும். மழை வந்தாலும் வெயில் அடித்தாலும் பெரும்பாலும் இப்படித்தான். கடலுக்கு ஏற்றவற்றம் இருப்பதுபோலக் காற்றுக்கும் இருக்கிறது. ஐந்து வருஷமாக இரு வேளையும் குறித்து வருகிறேன். விட்டுப்போகக் கூடாது என்று அவளைப் பார்க்கச் சொன்னேன். அவளுக்கு இங்கிலீஷ் எண் தெரியாது. அதனால் ஒவ்வொரு வேளையும் கரித்துண்டால் காகிதத்தில் ஒரு வட்டம் வரைந்து, முள் நிற்கும் இடத்தைப் போட்டுக்கொண்டு வருவாள்.

"நெசமாவே பாத்துப் போடுறியா, ஒரே மாதிரி போட்டுட்டு வர்றியா?" என்று கேட்டேன்.

"கால் போனாலும் இந்தக் கொணம் போவல," என்றாள். "நான் எதுக்கு உங்களுக்குப் பொய் முள்ளு வரையணும்?"

வியாழக்கிழமை பார்வையாளர் நேரத்தில் மீரான் வந்தார். காரைக்கால்காரர், இருபது வருஷமாகச் சிங்கப்பூரில் இருக்கிறார். தாமதமாக வந்ததே எனக்குச் சந்தேகம். கையில் ரொட்டிப் பொட்டலம். சட்டைக்குள் ஏதோ தட்டையாக.

"என்ன கிராணியாரே, நேத்தே வரணும்னு பாத்தேன். மண்டோர் விடலலா."

"எனக்குப் பதிலா செவ்வாய்க்கிழமை வரியை எழுதுனது யாரு?"

"பேரும் மணியும் ஸ்டோர் கிராணி எழுதுனாரு."

"இருபதுன்னு?"

அவர் சட்டைக்குள்ளிருந்து நேரப் புத்தகத்தை எடுத்து என் மார்பின் மேல் வைத்தார். "சொன்னா நம்ப மாட்டீங்கன்னுதான் கொண்டாந்தேன். சாயங்காலத்துக்குள்ள கொண்டுபோய் வெக்கணும். தெரிஞ்சா என் வேல போயிரும்."

திறந்தேன். செவ்வாய்க்கிழமை வரியில் பெயர்களும் நேரங்களும் ஸ்டோர் கிராணியின் சாய்ந்த எழுத்தில் இருந்தன. கடைசிப் பத்தியில் இருபது. அதற்குக் கீழே புதன்கிழமை, இருபது. வியாழன், இருபது. வெள்ளி, இருபது. சனி, இருபது. அன்று வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் இன்னும் யாரும் இறங்கவே இல்லை.

பத்தி முழுவதும் என் கையெழுத்து. இரண்டு என்ற எண்ணின் வாலை நான் மட்டும்தான் அப்படி மேலே தூக்கி விடுவேன்.

இதை எப்படி மறந்தேன் என்று படிப்பவர்கள் கேட்கலாம். மறக்கவில்லை, அதை எழுதியதாகவே நான் நினைத்ததில்லை. இடை அறைப் பக்கம் எப்போதும் ஈரம். புத்தகத்தை அங்கே கொண்டுபோனால் மை ஊறிப் பக்கம் பாழாகும். புத்தகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதக்காரன். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை, உலர்ந்த ஆபீஸ் மேசையில் உட்கார்ந்து, அந்த வாரத்துக்கு மாறாத பத்திகளை முன்கூட்டியே நிரப்பிவிடுவேன். தேதி, கிழமை, வேளை, இடை அறையில் இருந்த நேரம். விதி இருபது, எனவே இருபது. கோடு போடுவதுபோல அதையும் போட்டேன். பதினான்கு மாதமாக ஒரு வாரமும் தவறாமல்.

"செவ்வாக்கெழம எத்தனை நிமிஷம் விட்டீங்க?" என்று கேட்டேன்.

"எட்டு இருக்கும். ஆறா இருந்தாலும் இருக்கும். யாரு மணி பாத்தா?"

"ஏன்?"

"ஏன்னு நீங்க கேக்குறீங்களா?" மீரானுக்குக் கோபம் வந்துவிட்டது. "காத்து எறங்குனா குளுரும், உள்ள பனி மூடிரும், ஒருத்தர் மூஞ்சி ஒருத்தருக்குத் தெரியாது. ஆளுங்க செவுத்தத் தட்டுவாங்க, சீக்கிரம் விடு சீக்கிரம் விடுன்னு. தட்டுனா நான் தொறப்பேன். தினம் இதான். செவ்வாக்கெழம தட்டுனது மோதிரம். இரும்புல மோதிரம் பட்டா சத்தம் வேற மாதிரி கேக்கும். அந்த நாலு பேருல மோதிரம் போட்டவரு யாரு?"

என் வலக்கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். தட்டியது ஞாபகம் வந்தது. குளிரில் பல் அடித்துக்கொண்டது. சாப்பாட்டு நேரமும் ஆகியிருந்தது.

மரகதம் கட்டிலின் மறுபக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். டிரெஸ்ஸரும் வந்து நின்றார். அவர்தான் விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"இது காத்து வியாதியெண்டால் மருந்து ஒண்டுதான். திரும்பவும் அந்த அழுத்தத்துக்குள்ளை கொண்டுபோய் வைச்சு, குமிழியைச் சின்னதாக்கி, பிறகு ஆறுதலாய் வெளியிலை எடுக்கோணும். ஏற்கெனவே ரெண்டு நாள் போயிட்டுது. நாள் போகப் போக நரம்பு செத்துப்போம். ஆனால் பெரிபெரிக்காரனை அதுக்குள்ளை வைச்சால் நெஞ்சு தாங்காதெண்டு டாக்டர் பயப்பிடுறார். அவருக்கு எழுத்திலை ஏதும் வேணும்."

"எழுத்துலன்னா?"

"புத்தகத்திலை இருக்கிறது பொய்யெண்டு, எழுதின ஆள் கையெழுத்து வைக்கோணும்."

மீரான் மெல்லச் சொன்னார்: "திருகு சிக்கிக்கிச்சுன்னு எழுதிருங்களேன். உங்க வேலயும் நிக்கும், என் வேலயும் நிக்கும்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. அதே நேரம் அவர் அதைச் சொன்னதால் அதில் என்ன உள்நோக்கம் என்றும் பார்த்தேன். திருகு சிக்கியது என்று எழுதினால் எஞ்சினீயர் துரை திருகைக் கழற்றிச் சோதிப்பார். அது முடிகிறவரை பெட்டியில் என்னை ஏற்ற மாட்டார்கள்.

"அவருக்கு வேல, உங்களுக்கு வேல," என்றாள் மரகதம். "நிக்கவே முடியாத மனுசனுக்கு என்னத்துக்குங்க வேல?" இரண்டு நாள் வரைந்த காகிதங்களை அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். மொத்தம் நான்கு வட்டங்கள். ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தேன். ஒரு வட்டத்தில் முள் நின்ற இடம் மற்றதில் இல்லை. காலை வட்டங்களில் ஏறியும் மாலை வட்டங்களில் இறங்கியும், நூலளவு வித்தியாசத்தைக்கூட அவள் விடவில்லை.

டிரெஸ்ஸரிடம் காகிதம் கேட்டேன். புத்தகம் போகவேண்டிய நேரத்துக்குப் போகவில்லை. டாக்டர் அதைத் தன் மேசைக்கு எடுத்துக்கொண்டார். அதை அங்கே கொண்டுவந்தது யார் என்று அவர் கேட்டபோது, நான் கேட்டதால் வந்தது என்றேன். இருபது என்பது நான் முன்கூட்டியே போட்ட எண் என்றும், மீரான் திருகைத் திறந்த விதத்தைப் பற்றியும், உள்ளிருந்து தட்டியது நான் என்றும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். டாக்டர் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனார். பிறகு டிரெஸ்ஸரிடம் ஏதோ கேட்டார்.

"இதிலை எத்தனை வரி பொய்யெண்டு கேக்கிறார்."

"எல்லாம்," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை என்னை மாட்டுவண்டியில் கிடத்தித் துறைமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். தோண்டும் வேலையை நிறுத்தி, இடை அறையையே எனக்குச் சிகிச்சை அறையாக்கினார்கள். கூட டிரெஸ்ஸர் வந்தார். வெளியே திருகில் மீரான். வேறு யாருக்கும் அந்தத் திருகின் போக்கு தெரியாது. உள்ளே போகும் முன் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நான் எழுதிய காகிதத்தில் அவர் பெயரும் இருந்தது.

அழுத்தம் ஏற ஏற அறை சூடாகியது. பொன்னம்பலம் மூக்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டினார்.

"ஐயோ, காது வெடிக்குது காணும்! உதுக்குள்ளையோ நீர் மூண்டு மணித்தியாலம் இருந்தனீர்?" அவருக்கே தன் மூக்குக் குரலைக் கேட்டுச் சிரிப்பு வந்தது. "எங்கை, ஒருக்காச் சீட்டி அடியும் பாப்பம்."

முயன்றேன். வெறும் காற்று.

அறைச் சுவரில் இருந்த அழுத்தமானியின் முள் முப்பது ராத்தலைத் தாண்டியபோது தோள் வலி, யாரோ கையை எடுத்ததுபோல விலகியது. இடுப்புக் கச்சை தளர்ந்தது. காலில் மட்டும் ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தோம். பிறகு திருகு திறக்கும் சீறல் கேட்டது. மணி பத்தே முக்கால்.

என் பயம் அங்கேதான் தொடங்கியது. அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் போகாமல் இருந்த மீரானை நான் பார்த்ததில்லை. பன்னிரண்டரைக்குள் கிளம்பினால்தான் போய்ச் சேர முடியும். டாக்டர் சொன்னது இரண்டரை மணி நேரம். அவருடைய வேலை போவதற்கு எழுதிக் கொடுத்தவன் நான். திருகில் ஒரு அரைச் சுற்று அதிகமாகத் திருப்பினால் போதும், யாருக்கும் தெரியாது. கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஐந்து நிமிஷத்துக்கும் முள் எவ்வளவு இறங்குகிறது என்று கணக்குப் பார்த்தேன். அன்று பார்த்த அளவு கவனமாக என் ஆயுளில் ஒரு முள்ளையும் பார்த்ததில்லை.

பதினொன்றரை. பன்னிரண்டு. பன்னிரண்டரை. சீறல் மாறவில்லை. மெழுகுவத்தியைப் பார்த்தேன். சுடரைச் சுற்றிப் பனி இல்லை. காற்று திடீரென்று விரிந்தால்தான் குளிர்ந்து பனி மூடும்; இவ்வளவு மெதுவாக விட்டால் வராது. பொன்னம்பலத்தின் மீசை மயிரை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல அறை தெளிந்து இருந்தது.

கதவு திறந்தபோது மணி ஒன்றேகால். டாக்டர் சொன்ன இரண்டரை மணி நேரம், ஒரு நிமிஷம் கூடக் குறையாமல். மீரான் திருகின் மேல் கையை வைத்தபடியே நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஜும்ஆ?" என்றேன்.

"போச்சு," என்றார். "உங்க கால் எப்படி?"

 அன்று மாலை மரகதம் ஊசியோடு வந்தாள். பழைய கோட்டுக்கு ஒரு முழம் கீழேயே "ஆ" என்றேன். அவள் அதை நம்பாமல், என் கண்ணைத் துணியால் கட்டிவிட்டு மறுபடி குத்தினாள். வலது தொடையில் எனக்கு வலித்தது. பக்கத்துக் கட்டிலில் சின்னையா கை தட்டினார்.

அதற்குப் பிறகு இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். நான்காம் நாள் சிறுநீர் தானாக இறங்கியது. ஒன்பதாம் நாள் வலது காலால் நின்றேன். பதினேழாம் நாள் டிரெஸ்ஸரின் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டின் கோடி வரை நடந்தேன். இடது கால் இன்றும் இழுக்கிறது. முதல் நாளே பெட்டிக்குள் வைத்திருந்தால் அதுவும் தேறியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். கம்பெனி என்னை நீக்கியது. மீரானை நீக்கவில்லை, அவருக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. இடை அறை வாசலில் ஒரு கடிகாரம் மாட்டியிருப்பதாக அவர் சொன்னார். அது சரியாக ஓடுகிறதா என்று கேட்டேன்.

இதை எழுதக் காரணம் என் கால் அல்ல. டாக்டர் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டியது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் என் சொந்த நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். வேலைக்கு வராமல் போன ஆட்களை அதில் குறிப்பது என் வழக்கம். ஆடி மாதத்தில் ஒரு குறிப்பு: "தகர வில்லை எண் 44, தோண்டுகாரர், வரவில்லை. பெரிபெரி என்று மண்டோர் சொன்னார்." அவருடைய பெயரை நான் எழுதவில்லை.

ஐப்பசியில் கைத்தடியோடு சீனத் தோண்டுகாரர்கள் தங்கும் வீட்டுக்குப் போனேன். வீட்டைக் கவனித்துக்கொள்பவருக்கு மலாய் தெரிந்தது. 44ஆம் எண்காரர் ஒரு நாள் மதியம் வேலையிலிருந்து நடந்து வந்து, சாப்பிட உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் போனார் என்றார். எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பிறகு கப்பலில் ஊருக்கு அனுப்பினார்கள் என்று ஒருவரும், அங்கேயே இறந்துவிட்டார் என்று இன்னொருவரும் சொன்னார்கள். நான் கேட்ட இரண்டு ஆஸ்பத்திரிகளிலும், உறவினர் அல்லாதவருக்குப் பதிவேட்டைக் காட்டுவதில்லை என்றார்கள். பெயர் தெரியாமல் உறவு என்று சொல்லவும் முடியவில்லை.

அவருக்கு வந்தது பெரிபெரிதானா என்பதும், அவருடைய அட்டையில் என் புத்தகத்து வரி குத்தப்பட்டிருந்ததா என்பதும், அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதும் இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.